சிங்கப்பூர் ராபர்ட்சன் கீ பகுதியில் சர்வீஸ் அபார்ட்மென்ட்: நோயாளியுடன் ஒரு மாதம் தங்க ஏற்றதா?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்குச் சிங்கப்பூரில், ஊட்ரம் பகுதியில் உள்ள தேசிய இருதய நிலையத்தில், இருதய வால்வு அறுவைச் சிகிச்சை நடக்க இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த பிறகும் ஏறத்தாழ ஒரு மாதம் அருகிலேயே தங்கி, மறுபரிசோதனைகளை முடித்துக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். திருச்சியிலிருந்து நானும் என் கணவரும் உடன் செல்கிறோம். அவர் அங்கிருந்தபடியே மடிக்கணினியில் அலுவலக வேலையையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

தங்குவதற்கு இரண்டு யோசனைகள் உள்ளன. ஒன்று, ராபர்ட்சன் கீ பகுதியில் ஆற்றை ஒட்டியுள்ள புதிய சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் இரண்டு படுக்கையறை கொண்ட வீடு. சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம், தனியாக ஒரு வேலை மேசை எல்லாம் படங்களில் தெரிகின்றன. மற்றொன்று, லிட்டில் இந்தியாவில் அடுத்தடுத்து இரண்டு ஓட்டல் அறைகள். உறவினர்கள் பலரும் இரண்டாவதையே சொல்கிறார்கள். ராபர்ட்சன் கீ என்பது காபிக் கடைகளும் மது விடுதிகளும் நிறைந்த, வெளிநாட்டினரும் இளைஞர்களும் கூடுகிற இடம் என்றும், நோயாளியை வைத்துக்கொண்டு அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்றும் கேட்கிறார்கள். அங்கே தங்கியவர்கள், அருகில் வசிப்பவர்கள் விவரம் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

செம்பவாங் வாசி எழுதியது:

சகோதரி, முதலில் தாயார் நலம் பெற என் வேண்டுதல்கள்.

பணம் கட்டுவதற்கு முன்பு நீங்கள் உறுதி செய்துகொள்ள வேண்டியது, அந்தக் கட்டடம் எந்த அனுமதியின்கீழ் இயங்குகிறது என்பதைத்தான். விளம்பரத்தில் எல்லாமே ஒரே பெயரில் வந்தாலும் சிங்கப்பூரில் சட்டம் அவற்றை வேறு வேறாக நடத்துகிறது. ஓட்டல் உரிமம் பெற்ற கட்டடத்தில், அறைக்குள் சமையலறையே இருந்தாலும், ஓர் இரவு மட்டும்கூடத் தங்கலாம். சர்வீஸ் அபார்ட்மென்ட் என்று நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி பெற்ற இடங்களில் குறைந்தது 7 நாள் தங்க வேண்டும். கொண்டோமினியம் (சுருக்கமாகக் கொண்டோ) எனப்படும் தனியார் அடுக்குமாடி வீடுகளை 3 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடவே கூடாது; வீவக எனப்படும் அரசு வீடமைப்புக் கழக வீடுகளுக்கு அது 6 மாதம். உங்கள் தேவை ஒரு மாதம் என்பதால் முதல் இரண்டு வகைகளில் எதுவும் பொருந்தும். ஆனால் மருத்துவமனைத் தேதி மாறினால் சேர்த்தோ குறைத்தோ தங்க நேரிடும் அல்லவா? அப்போது ஓட்டல் உரிமம் உள்ள இடமே வளைந்து கொடுக்கும். நான்கு நாளைக்கு மட்டும் நீட்டித்துத் தாருங்கள் என்று அங்கே தயங்காமல் கேட்கலாம்.

இனி இடத்தைப் பற்றி. ராபர்ட்சன் கீ, சிங்கப்பூர் ஆற்றின் மேல்பகுதி. ஒரு காலத்தில் கிடங்குகளும் ஆலைகளும் படகுத் துறைகளுமாக இருந்த கரை அது. 1977-இல் தொடங்கி 1987-இல் முடிந்த ஆற்றுத் துப்புரவுப் பணிக்குப் பிறகே அங்கே மனிதர்கள் விரும்பி நடக்கத் தொடங்கினார்கள். 2008-இல் மரினா அணைக்கட்டு வந்ததும் கடல் ஏற்றவற்றம் ஆற்றுக்குள் வருவது நின்றுபோனது. வற்றிய நேரத்தில் சேறு தெரிவதோ நாற்றம் அடிப்பதோ இப்போது கிடையாது. என் தகப்பனார் காலத்து ஆறும் இன்றைய ஆறும் ஒன்றே என்று இளையவர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

உங்களுக்கு மிக முக்கியமானது மருத்துவமனைப் பயணம். 2022 நவம்பரில், ராபர்ட்சன் கீக்கு அருகில், தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையில் கிரேட் வேர்ல்டு நிலையம் திறக்கப்பட்டது. அங்கிருந்து ஹேவ்லாக், அடுத்தது ஊட்ரம் பார்க். இரண்டே நிறுத்தங்கள், வண்டி மாற வேண்டியதில்லை. எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி உண்டு. ஆனாலும் அறுவைச் சிகிச்சை முடிந்த முதல் வாரங்களில் டாக்சியிலேயே அழைத்துச் செல்லுங்கள். தூரம் மிகக் குறைவு என்பதால் கட்டணமும் அதிகம் வராது.

முன்மேசை எழுதியது:

நான் சர்வீஸ் அபார்ட்மென்ட் தொழிலில், விருந்தினர்களை வரவேற்கும் மேசையிலும் பின்னர் முன்பதிவுப் பிரிவிலும் பல ஆண்டுகள் இருந்தவன். சிங்கப்பூரில் இந்தத் தொழில் 1984-இல் அஸ்கோட் நிறுவனத்தின் முதல் கட்டடத்தோடு வேரூன்றியது. நிறுவனங்கள் தம் ஊழியர்களைப் பல மாதங்களுக்கு அனுப்பி வைத்தபோது அவர்களுக்கு ஓட்டலும் ஒத்துவரவில்லை, தனி வீடும் அமையவில்லை. அந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் இது. அதனால் இதன் விலை, சேவை, விதிகள் எல்லாமே நீண்ட நாள் தங்குபவரை மனத்தில் வைத்தே அமைந்திருக்கின்றன. மூன்று இரவு தங்கிவிட்டு, ஓட்டலைவிட விலை அதிகம், தினமும் படுக்கை விரிப்பை மாற்றவில்லை என்று குறை சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

விலையைப் பார்க்கும்போது எண்ணுக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதற்கு மேல் பொருள் சேவை வரியும் தனி என்பதற்கான அடையாளம் அது. பொருள் சேவை வரி 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகையின்மீதுதான் வரி கணக்கிடப்படும். ஆகவே நாளொன்றுக்கு 250 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்டிருந்தால், நீங்கள் கட்டப்போவது 299 வெள்ளி 75 காசு. ஒரு மாதத்துக்கு இந்த வேறுபாடு ஏறத்தாழ 1,500 வெள்ளி. ஒரு தளத்தில் வரி சேர்த்த விலையும் இன்னொன்றில் சேர்க்காத விலையும் இருக்கும்போது மலிவாகத் தெரிவது உண்மையில் மலிவாக இருக்க வேண்டியதில்லை.

இணையத்தில் தெரியும் நாள் வாடகையை முப்பதால் பெருக்கிப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். நீண்ட நாளுக்கான விலையைப் பெரும்பாலான இடங்கள் வெளியே காட்டுவதில்லை. நேரடியாக முன்பதிவுப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, வரும் தேதி, போகும் தேதி, எத்தனை பேர், எதற்காக வருகிறீர்கள் என்று எழுதிக் கேட்டால் மாத விலையைத் தனியாகத் தருவார்கள். மருத்துவமனைக்கு வருபவர்களுக்கென்று சில இடங்களில் சலுகையும் உண்டு. மருத்துவமனையின் வெளிநாட்டு நோயாளிகள் பிரிவிலும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். தேதியை மாற்றினால் தண்டம் உண்டா, முன்கூட்டியே கிளம்பினால் மீதித் தொகை திரும்புமா, வைப்புத்தொகை எவ்வளவு, அதை எத்தனை நாளில் திருப்புவார்கள், மின்சாரம் வாடகைக்குள் அடங்குமா ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் ஒருவர் வாய்மொழியாகச் சொன்னது, அவர் விடுப்பில் இருக்கும் நாளில் யாருக்கும் தெரியாது.

வீட்டுத் துப்புரவு வாரத்துக்கு ஒருமுறையா, இரண்டு முறையா, தினமுமா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். நோயாளி இருக்கும் வீடு என்பதால் படுக்கை விரிப்பும் துண்டும் வேண்டும்போது கிடைக்குமா என்று மட்டும் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

தேக்கா நண்பன் எழுதியது:

மேலே எழுதியவர்கள் எல்லாம் நல்ல விவரம் தந்திருக்கிறார்கள். இருந்தாலும் நான் மாற்றுக் கருத்தையே சொல்வேன்.

ஃபேரர் பார்க் அல்லது லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறினால் வடகிழக்கு ரயில் பாதையில் ஊட்ரம் பார்க்குக்கு நேர் வண்டி. லிட்டில் இந்தியாவிலிருந்து நான்கு நிறுத்தங்கள், ஃபேரர் பார்க்கிலிருந்து ஐந்து. அதாவது ராபர்ட்சன் கீயைவிட ஐந்தாறு நிமிடம்தான் கூடுதல். அதற்கு ஈடாகக் கிடைப்பது என்ன என்று பாருங்கள். இறங்கி நடந்தால் தேக்கா ஈரச்சந்தையில் முருங்கைக்கீரை முதல் வாழைப்பூ வரை எல்லாம் உண்டு. சைவ உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. வீரமாகாளியம்மன் கோயில், சீனிவாசப் பெருமாள் கோயில் இரண்டும் நடை தூரத்தில் உள்ளன. மருந்துக் கடையில் தமிழிலேயே பேசலாம். அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்டு அந்நிய ஊரில் காத்திருக்கும் ஒரு பெரியவருக்கு, வாசலைத் தாண்டியதும் தன் மொழி காதில் விழுவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் மாமியார் இதே போன்ற நிலையில் இங்கே வந்திருந்தபோது, மாலையில் பூக்கடைப் பக்கம் போய் நின்றாலே அவருடைய முகம் தெளிந்துவிடும்.

ஆற்றங்கரையில் ஒரு காபி குடிக்கும் பணத்தில் இங்கே ஒரு வேளை முழுச் சாப்பாடே சாப்பிடலாம். நாகரிகமான பகுதி என்பதற்காகக் கொடுக்கும் கூடுதல் வாடகை, அந்த நாகரிகத்தை அனுபவிக்கப் போகிறவர்களுக்குத்தான் பொருந்தும்.

காவிரிக்கரை எழுதியது:

தேக்கா நண்பன் ஐயா, நீங்கள் சொல்லும் ஆறுதல் எனக்கு நன்றாகப் புரிகிறது. அம்மாவும் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும் என்றுதான் சொல்கிறார். ஆனால் ஒரு செய்தியை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அம்மாவுக்கு உப்பை மிகவும் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை கொடுக்கப் போவதாகவும், கீரை வகைகளை ஒரு நாள் அதிகமாகவும் மறுநாள் இல்லாமலும் உண்ணக்கூடாது, ஒரே அளவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் உணவு ஆலோசகர் விளக்கினார். இதை உணவகத்தில் எப்படிச் சமாளிப்பது என்றுதான் எனக்குக் கவலை. அந்தச் சமையலறைகளில் நம் சமையலைச் செய்ய முடியுமா, அல்லது காபி போடுவதற்கு மட்டும்தானா?

அடுக்களை எழுதியது:

காவிரிக்கரை அக்கா, உங்கள் கேள்விக்கு இந்த ஒரு செய்தியிலேயே விடை இருக்கிறது. உப்புக் கட்டுப்பாடும் வார்ஃபரினும் இருக்கும்போது உணவகத்தை நம்பி ஒரு மாதம் ஓட்ட முடியாது. நல்ல உணவகத்துச் சாம்பாரிலும் உப்பு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. சமையலறை உள்ள இடத்தில்தான் நீங்கள் தங்க வேண்டும், அது எந்தப் பகுதியாக இருந்தாலும்.

ஆனால் சமையலறை என்ற பெயரில் என்ன இருக்கிறது என்பதைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிறிய வீடுகளில் ஒரு மைக்ரோவேவும் கழுவுதொட்டியும் மட்டுமே இருக்கலாம். அடுப்பு உண்டா, எத்தனை முகம் என்று கேளுங்கள். புதிய கட்டடங்களில் பெரும்பாலும் இண்டக்‌ஷன் அடுப்புதான். ஊரிலிருந்து அலுமினியக் குக்கரையோ இட்லிப் பானையையோ தூக்கிக்கொண்டு போனால் அந்த அடுப்பு அதை ஏற்காது. பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் எடுத்துச் செல்லலாம். அடிப்பகுதி தட்டையான எவர்சில்வர் குக்கர் ஒன்று, அதற்குள் இறங்கும் இட்லித் தட்டு, சிறிய தாளிப்புக் கரண்டிக்குப் பதிலாக அடி அகலமான ஒரு சின்ன வாணலி, இவை போதும். அடுப்பின் மேலே பளபளவென்று ஒரு கண்ணாடிப் பரப்பு மட்டும் தெரியும், பொத்தான் எதுவும் இருக்காது. எத்தனை முறை தொட்டாலும் எரியவில்லை என்றால் சாவி போன்ற படத்தின்மீது விரலைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள்; பூட்டு திறந்துவிடும். அணைத்த பிறகு ‘எச்’ என்ற ஆங்கில எழுத்து ஒளிர்ந்தால் பரப்பு இன்னும் சுடுகிறது என்று பொருள். அம்மா தெரியாமல் கையை ஊன்றிவிடக்கூடாது.

தாளிப்பதுதான் பெரிய சிக்கல். பல வீடுகளில் சமையலறைக்குத் தனிக் கதவு கிடையாது. வரவேற்பறையின் ஒரு சுவரே சமையலறை. புகைபோக்கியும் காற்றை வெளியே தள்ளாமல், கரி வடிகட்டி வழியாகச் சுற்றி அறைக்குள்ளேயே விடும் வகையாக இருப்பதுண்டு. மிளகாயைக் கருக விட்டால் புகை உணரும் கருவி அலறிவிடும், வாடையும் சோபா துணியில் இரண்டு நாள் நிற்கும். எண்ணெய் புகையும் அளவுக்குக் காய விடாதீர்கள். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே புகைபோக்கியைப் போட்டுவிட்டுப் பால்கனிக் கதவைத் திறந்து வையுங்கள். வீட்டின் வாசல் கதவை மட்டும் திறக்க வேண்டாம், ஏனென்றால் புகை நடைவழிக்குப் போனால் அங்குள்ள கருவி கட்டடம் முழுவதற்குமான எச்சரிக்கையோடு இணைக்கப்பட்டிருக்கக்கூடும். கூடுமானவரை பால்கனி உள்ள வீட்டையே கேட்டு வாங்குங்கள். இதற்கு இன்னொரு பயனும் உண்டு. இருபத்து நான்கு மணி நேரமும் குளிரூட்டி ஓடும் அறையில் இட்லி மாவு புளிக்காது. இரவில் மூடி போட்டுப் பால்கனியில் வைத்தால் சிங்கப்பூர் வெப்பத்தில் காலைக்குள் பொங்கி நிற்கும். அரைக்க முடியாவிட்டால் தேக்காவிலும் முஸ்தபா பேரங்காடியிலும் மாவு கிடைக்கிறது, ஆனால் உப்பு சேர்க்கப்பட்டதா என்று பார்த்து வாங்குங்கள்.

மிக்சி கொண்டுபோவதாக இருந்தால் அங்கேயும் மின்னழுத்தம் 230 வோல்ட்தான். ஆனால் சுவரில் இருப்பது சதுர மூன்று முனைச் செருகி, ஆதலால் மாற்றிச் செருகியை (அடாப்டர்) தரமானதாக வாங்கிக்கொள்ளுங்கள். குழாய் நீரை அப்படியே குடிக்கலாம். மசாலாப் பொட்டலங்களோடு கசகசாவை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். அது போதைப்பொருள் சட்டத்தோடு தொடர்புடைய பொருள், விமான நிலையத்தில் வீண் தொல்லை வரும்.

மளிகையைப் பொறுத்தவரை, அன்றாடக் காய்கறி, பால், தயிர், பருப்பு போன்றவை கிரேட் வேர்ல்டு பேரங்காடியிலேயே கிடைக்கும். கறிவேப்பிலை, புழுங்கலரிசி, நம் ஊர்க் காய்களுக்கு வாரம் ஒருமுறை போனால் போதும். ராபர்ட்சன் கீயின் மறுபக்கத்தில், நடக்கும் தூரத்தில், ஃபோர்ட் கானிங் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து டவுன்டவுன் பாதையில் இரண்டாவது நிறுத்தம் ஜாலான் புசார். அதில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சையத் ஆல்வி சாலை, முஸ்தபா வந்துவிடும்.

கொட்டிவாக்கம் எழுதியது:

நான் இதே போன்ற தேவைக்காக விசாரித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் இடையில் ஒரு கேள்வி. சர்வீஸ் அபார்ட்மென்ட் சொல்லும் விலையில் பாதிக்கு, தியோங் பாருவில் ஒரு வீட்டையும் ரிவர் வேலியில் ஒரு கொண்டோவையும் இரண்டு வாரத்துக்குத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். நீச்சல் குளம் எல்லாம் இருக்கிறது. காவலாளி கேட்டால் நண்பர் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள் என்கிறார். இதை நம்பலாமா?

செம்பவாங் வாசி எழுதியது:

தம்பி, வேண்டவே வேண்டாம். காவலாளியிடம் வேறொன்றைச் சொல்லச் சொல்கிறார் என்பதிலேயே அது சட்டத்துக்குப் புறம்பானது என்று தெரிகிறது. கொண்டோவுக்குக் குறைந்தபட்சம் 3 மாதம் என்று மேலே எழுதியிருந்தேன். 2017-க்கு முன்பு அது 6 மாதமாகவே இருந்தது. மீறி வாடகைக்கு விடுபவருக்கு 2 லட்சம் வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. தண்டனை வீட்டைக் கொடுப்பவருக்கு என்றாலும், அதிகாரிகள் வந்து கதவைத் தட்டும்போது பெட்டியோடு வெளியேறுபவர் நீங்கள்தான். பக்கத்து வீட்டார் புகார் கொடுப்பதும் அபூர்வமல்ல.

தியோங் பாருவின் அழகான வளைந்த முகப்புள்ள பழைய கட்டடங்களைப் பார்த்துத்தான் பலரும் அங்கே தங்க ஆசைப்படுகிறார்கள். 1930-களில் கட்டத் தொடங்கிய குடியிருப்புகள் அவை; 2003-இல் இருபது கட்டடங்களைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்தார்கள். ஆனால் அவை இன்றும் மக்கள் வாழும் வீடுகள். பகலில் போய்ச் சந்தையின் மாடியில் சாப்பிட்டு, தெருக்களில் நடந்துவிட்டு வாருங்கள். தங்குவதை உரிமம் உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுக்காற்று எழுதியது:

நான் ராபர்ட்சன் கீயை ஒட்டிய ரிவர் வேலி சாலையில் வசிப்பவள். என் பகுதியைப் பற்றி இங்கே எழுதப்பட்டதில் ஒரு பாதிதான் இருக்கிறது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

ராபர்ட்சன் கீயில் மது விடுதிகள் உண்டு என்பது உண்மை. ஆனால் கிளார்க் கீ வேறு, ராபர்ட்சன் கீ வேறு. உறவினர்கள் சொல்லும் இரவுக் கூச்சல் பெரும்பாலும் ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள கிளார்க் கீயில்தான். 1991 முதல் ஜியாக் கிம் தெருவின் பழைய கிடங்குகளில் இயங்கிவந்த ஸூக் என்ற புகழ்பெற்ற நடன விடுதியும் 2016-இல் கிளார்க் கீக்கே இடம்பெயர்ந்துவிட்டது. அதன்பிறகு எங்கள் பக்கம் நள்ளிரவு நடமாட்டம் வெகுவாகக் குறைந்தது. இருந்தாலும் வெள்ளி, சனி இரவுகளில் ஆற்றுப் பார்வை உள்ள கீழ்த்தளங்களுக்குப் பேச்சுச் சத்தம் வரும். படத்தில் அழகாகத் தெரியும் அந்த ஆற்றுப் பார்வைக்குக் கூடுதல் பணம் கொடுக்காமல், உள்பக்கம் பார்த்த, உயரமான தளத்தில் வீடு கேளுங்கள். நோயாளிக்குத் தூக்கம் முக்கியம்.

இந்தப் பகுதியின் மதிப்பு காபிக் கடைகளில் இல்லை. காலை ஆறரை மணிக்கு வந்து பாருங்கள். ஆற்றின் இரு கரைகளிலும் வண்டி வராத, மேடுபள்ளம் இல்லாத நடைபாதை. ஓடுபவர்கள், நாய்களோடு நடப்பவர்கள், சக்கர நாற்காலியில் பெற்றோரைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும் அங்கே இருப்பார்கள். இருதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டச் சொல்வார்கள். லிட்டில் இந்தியாவில் கடைகளின் முன்னுள்ள ஐந்தடிப் பாதைகளில் படி ஏறி இறங்கி, கடைச் சாமான்களுக்கு இடையில் நுழைந்து, அதிலும் விடுமுறை நாளில் தொழிலாளர்கள் கூடும் ஞாயிறு மாலைக் கூட்டத்தில், அந்த நடையை எப்படி நடப்பார்? இங்கே ஒரு பாலத்திலிருந்து அடுத்த பாலம் வரை இன்று, நாளை அதற்கும் அப்பால் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அல்காஃப் பாலம் ஒன்றே போதும். தொங்கான் என்ற பழைய சரக்குப் படகின் வடிவில் 1997-இல் கட்டிய நடைபாலம், 2004-இல் பிலிப்பைன்ஸ் ஓவியர் பசிதா அபாத் அதன் உடல் முழுவதும் வண்ண வட்டங்களும் கோடுகளும் தீட்டினார். வயதானவர்கள் அதன் நடுவில் நின்று கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் தினமும் பார்க்கிறேன். நிழலும் இருக்கிறது, உட்காரப் பலகைகளும் இருக்கின்றன.

கோயிலைப் பற்றித் தேக்கா நண்பன் ஐயா எழுதியிருந்தார். தேங் ரோடு தண்டாயுதபாணி கோயில் எங்கள் பகுதியிலேயே இருக்கிறது. நகரத்தார் 1859-இல் எழுப்பியது, 2014-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ராபர்ட்சன் கீயின் கிழக்குப் பக்கத்தில் தங்கினால் மெதுவாக நடந்தே போய்விடலாம். வட்டித் தொழிலுக்காக வந்த செட்டியார்கள் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் தங்கியும், தொழில் நடத்தியும், பொதுச் சமையலில் ஒன்றாக உண்டும் வாழ்ந்தார்கள் என்பதை நினைத்தால், வந்த ஊரில் தன் சமையலோடு தங்குவது நமக்குப் புதிதன்று என்றே தோன்றுகிறது. தைப்பூசத்தன்று மட்டும் கவனம். சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள் வந்து சேருமிடம் தேங் ரோடு என்பதால் சாலைகள் அடைக்கப்பட்டிருக்கும். அன்று மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால் முன்பே வழி பார்த்துக்கொள்ளுங்கள். கார்ப் பந்தயம் நடக்கும் செப்டம்பர், அக்டோபர் வாரத்தில் ஊர் முழுக்க அறை வாடகை எகிறிவிடும் என்பதையும் தேதி குறிக்கும்போது நினைவில் வையுங்கள்.

தேக்கா நண்பன் எழுதியது:

நடைபாதையைப் பற்றிச் சொன்னது சரிதான், அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் பக்கத்து ஐந்தடிப் பாதைகள் அறுவைச் சிகிச்சை முடிந்தவர் நடக்க ஏற்றவை அல்ல. சமையலறை வேண்டும் என்பதிலும் மறுபேச்சு இல்லை. ஃபேரர் பார்க் பக்கத்திலும் சமையலறையோடு கூடிய புதிய தங்குமிடங்கள் வந்திருக்கின்றன, ஆனால் அவற்றில் சில, ஒரு பொதுச் சமையலறையை எல்லா விருந்தினரும் பகிர்ந்துகொள்ளும் வகை. நோயாளிக்கு அது வேண்டாம்.

ஆகவே இப்படிச் செய்யலாம். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனை நாட்களையும் அம்மா மருத்துவமனையில் இருக்கும் நாட்களையும் எங்கள் பக்கத்தில் ஓட்டலில் கழியுங்கள். அப்போது உங்களுக்குச் சமைக்க நேரமும் இருக்காது, மனமும் இருக்காது. அம்மா வெளியே வரும் நாளிலிருந்து ஆற்றங்கரை வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய நாட்களுக்கும் சேர்த்துப் பெரிய வீட்டு வாடகை கட்டுவது தேவையற்ற செலவு.

முன்மேசை எழுதியது:

நல்ல யோசனை, ஆனால் ஒரு நெருடல். அம்மா எந்தத் தேதியில் வெளியே வருவார் என்பது முன்கூட்டித் தெரியாது. அந்த வீட்டை ஓட்டல் உரிமம் உள்ள இடத்தில் எடுத்து, தொடக்கத் தேதியைச் சில நாள் முன்பின் நகர்த்தும் உரிமையோடு பதிவு செய்தால் மட்டுமே இது சரிப்படும். அல்லது வெளியே வருவார் என்று மருத்துவர் எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே வீட்டை எடுத்துவிடுங்கள். அந்த மூன்று நாளில் மளிகை வாங்கி, அடுப்பைப் பழகி, வீட்டை ஒழுங்கு செய்துவிடலாம். அதற்குக் கொடுக்கும் வாடகை வீண் அன்று.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. தேக்கா நண்பன் ஐயா சொன்னபடி முதல் பகுதியை லிட்டில் இந்தியாவிலும், அம்மா வெளியே வருவதற்கு மூன்று நாள் முன்பிருந்து ராபர்ட்சன் கீயிலும் என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு இடங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஓரிடத்தில் ஓட்டல் உரிமம் இருப்பதாகவும், தொடக்கத் தேதியை ஐந்து நாள் வரை நகர்த்தலாம் என்றும் எழுத்தில் பதில் வந்திருக்கிறது. பால்கனி உள்ள, உள்பக்கம் பார்த்த வீடு ஒன்பதாம் தளத்தில் தருகிறார்களாம். பணம் கட்டுவதற்கு முன்பு இன்னும் எதையாவது நான் கேட்க வேண்டுமா?

முன்மேசை எழுதியது:

குளியலறையைக் கேளுங்கள். இதை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. இரண்டு படுக்கையறை வீடுகளில் ஒரு குளியலறையில் தொட்டியும் மற்றொன்றில் தரையோடு தரையாக ஷவர் பகுதியும் இருப்பது வழக்கம். பெரிய படுக்கையறையோடு இணைந்தது எது என்று கேளுங்கள். நெஞ்செலும்பைத் திறந்து செய்யும் அறுவைச் சிகிச்சையாக இருந்தால், முதல் சில வாரங்களுக்குக் கைகளை ஊன்றி உடலை உயர்த்தவோ எடை தூக்கவோ கூடாது என்று சொல்வார்கள். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக் காலைத் தூக்கி உள்ளே வைப்பது அம்மாவால் முடியாது. ஷவர் உள்ள அறையையே அவருக்குக் கொடுங்கள், அது சிறியதாக இருந்தாலும். நாற்காலி ஒன்றும், வழுக்காத விரிப்பும் வைக்கச் சொல்லுங்கள்.

அதே காரணத்தால் சோபாவும் கட்டிலும் எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். புதிய வீடுகளில் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று சோபாவை மிகத் தாழ்வாகப் போட்டிருப்பார்கள். அதில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாது. சாப்பாட்டு மேசை நாற்காலிகளில் கைப்பிடியும் முதுகுச் சாய்வும் உள்ள ஒன்றை வரவேற்பறைக்கு மாற்றித் தரும்படி முன்பே எழுதிவிட்டால் நீங்கள் போவதற்குள் மாற்றி வைத்துவிடுவார்கள். தலையணைகள் கூடுதலாக நான்கு கேளுங்கள். மின்தூக்கிக்கு அருகில் உள்ள வீடாக இருந்தால் நல்லது, ஆனால் அதை ஒட்டிய சுவர் படுக்கையறைச் சுவராக இருக்கக்கூடாது என்று சேர்த்து எழுதுங்கள். உங்கள் கணவரின் வேலை மேசை இரண்டாவது படுக்கையறைக்குள் இருக்கிறதா, வரவேற்பறையில் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்; அம்மா பகலில் தூங்கும்போது அவர் அழைப்புகளில் பேச வேண்டியிருக்கும்.

இவை அனைத்தையும் ஒரே மின்னஞ்சலில், பதிவு எண்ணோடு அனுப்பி, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.